செயின்ட் லூயிஸா, கேன்சஸ் சிட்டியா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் இரு பெருநகரங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை ஒன்றாக விடையளிக்கிறோம். முதல் கடிதம் நீளமானது என்பதால் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: நான் பயிர் மரபியலில் ஆராய்ச்சி செய்கிறேன். என் கணவர் உயர் அழுத்த மின்தடங்களை வடிவமைக்கும் பொறியாளர். எனக்குச் செயின்ட் லூயிஸிலும் அவருக்குக் கேன்சஸ் சிட்டியிலும் ஒரே மாதத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 250 மைல் தூரம் இருப்பதால் ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது. செயின்ட் லூயிஸில் மக்கள்தொகை தேய்கிறது, கொலைகள் அதிகம் என்று படித்த பிறகு, கேன்சஸ் சிட்டிக்கே போய்விடலாம் என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டோம். சரிதானா? – ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உங்கள் முடிவைவிட, அதற்கு உங்களைக் கொண்டுவந்த எண்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டியிருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் மக்கள்தொகை 3,01,578. கேன்சஸ் சிட்டியின் மக்கள்தொகை 5,08,090. இதை மட்டும் பார்ப்பவருக்குக் கேன்சஸ் சிட்டிதான் பெரிய ஊர் என்று தோன்றும். ஆனால் புறநகர்களையும் சேர்த்துப் பார்த்தால் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் ஏறக்குறைய 28 லட்சம் பேரும், கேன்சஸ் சிட்டி வட்டாரத்தில் ஏறக்குறைய 22 லட்சம் பேரும் வாழ்கிறார்கள்.

இந்த முரண்பாட்டின் வேர் 1876-இல் இருக்கிறது. சுற்றியிருந்த கிராமப்புறங்களுக்குத் தங்கள் வரிப்பணம் செலவாவதை விரும்பாத செயின்ட் லூயிஸ் நகரத்தார், அந்த ஆண்டு வாக்களித்துத் தங்கள் கவுண்டியிலிருந்து (மாநிலத்தின் உட்பிரிவான ஆட்சிப் பகுதி) பிரிந்து தனி ஆட்சிப் பகுதியானார்கள். அன்று போட்ட எல்லைக்கோடு, சுமார் 62 சதுர மைல் நிலத்தைச் சுற்றி இன்றுவரை அசையாமல் நிற்கிறது. பிற்காலத்தில் வசதி படைத்தவர்கள் மேற்கே குடிபெயர்ந்தபோது அவர்களைப் பின்தொடர்ந்து நகரத்தால் விரிய முடியவில்லை. 1950-இல் 8,56,796 பேர் வாழ்ந்த ஊர் இப்படித்தான் சுருங்கியது. கேன்சஸ் சிட்டியோ இதற்கு நேர்மாறாக, 1940-களிலிருந்து அக்கம்பக்கத்து நிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டே போய், இன்று நான்கு கவுண்டிகளில் கால் பதித்து 300 சதுர மைலுக்கும் மேல் பரந்திருக்கிறது. அதன் எல்லைக்குள் வயல்வெளிகள்கூட உண்டு.

குற்றக் கணக்கையும் இந்த எல்லைக்கோட்டை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை கொலைகள் என்று வகுக்கும்போது, கேன்சஸ் சிட்டியின் கணக்கில் அமைதியான புறநகர்ப் பகுதிகளும் சேர்ந்துவிடுகின்றன. செயின்ட் லூயிஸின் கணக்கில் அவை சேர்வதில்லை. செயின்ட் லூயிஸில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2020-இல் அங்கு 263 கொலைகள் நடந்தன. 2024-இல் அந்த எண்ணிக்கை 150-ஆகக் குறைந்தது, என்றாலும் இன்று மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஊருக்கு அது பெரிய எண்தான். அதே சமயம், கேன்சஸ் சிட்டி தன் வரலாற்றிலேயே மிக அதிகமான கொலைகளைக் கண்ட ஆண்டு 2023 என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இரு ஊர்களிலும் வன்முறை சில குறிப்பிட்ட பகுதிகளிலேயே குவிந்திருக்கிறது. செயின்ட் லூயிஸில் டெல்மார் சாலையும் கேன்சஸ் சிட்டியில் ட்ரூஸ்ட் சாலையும் கறுப்பின மக்களையும் வெள்ளையரையும், இல்லாமையையும் வசதியையும் பிரிக்கும் கோடுகளாகப் பல தலைமுறைகளாக இருந்துவருகின்றன. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த காலத்தின் மிச்சம் அது.

ஆகவே இரு நகரங்களின் பெயர்களை ஒப்பிடுவதால் உங்களுக்குப் பயன் குறைவு. எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் குடியேறுகிறீர்கள் என்பதுதான் உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிக்கும். செயின்ட் லூயிஸுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வாழ்வது நகரத்தில் அல்ல, செயின்ட் லூயிஸ் கவுண்டியில். பத்து லட்சம் பேர் வாழும் அந்தக் கவுண்டி எண்பதுக்கும் மேற்பட்ட சிறு நகராட்சிகளாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது. கேன்சஸ் சிட்டியில் வேலை பார்ப்பவர்களில் கணிசமானோர் மாநில எல்லையைத் தாண்டி, கேன்சஸ் மாநிலத்தின் ஜான்சன் கவுண்டியில் வாழ்கிறார்கள்.

இனி உங்கள் இருவரின் வேலைக்கு வருகிறேன். தாவர அறிவியலுக்குச் செயின்ட் லூயிஸைப் போன்ற இடங்கள் அமெரிக்காவில் மிகச் சிலவே. டான்ஃபோர்த் தாவர அறிவியல் மையம், மான்சான்டோவை 2018-இல் வாங்கிய பேயர் நிறுவனத்தின் பயிர்ப் பிரிவு, 1859-இல் திறக்கப்பட்ட மிசூரி தாவரவியல் பூங்காவின் ஆய்வுக்கூடங்கள், வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் ஒரே ஊரில் இருப்பதால், ஒரு வேலை போனாலும் வீட்டை மாற்றாமல் அடுத்ததைத் தேடலாம். கேன்சஸ் சிட்டியில் ஸ்டோவர்ஸ் போன்ற தரமான உயிரியல் ஆய்வு நிறுவனம் இருந்தாலும், பயிர் மரபியலில் உங்களுக்கு அவ்வளவு கதவுகள் அங்கே இல்லை. உங்கள் கணவரின் நிலை வேறு. மின்துறைப் பொறியியலின் தலைநகரம் என்றே கேன்சஸ் சிட்டியைச் சொல்லலாம். பர்ன்ஸ் அண்ட் மெக்டானல், பிளாக் அண்ட் வீச் இரண்டும் அந்த வட்டாரத்தைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஆனால் அத்தகைய நிறுவனங்கள் வெளியூர்களிலும் அலுவலகம் வைத்திருப்பவை. முதலில் சொன்ன நிறுவனத்துக்குச் செயின்ட் லூயிஸிலேயே கிளை இருக்கிறது. அவருடைய வேலையை நகர்த்த முடியும், உங்களுடையதை நகர்த்துவது கடினம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் செயின்ட் லூயிஸைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பள்ளியைப் பொறுத்தவரை ஒரே ஓர் எச்சரிக்கை. பள்ளி மாவட்டத்தின் எல்லையும் நகராட்சியின் எல்லையும் ஒன்றல்ல. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகள்கூட வெவ்வேறு மாவட்டங்களில் இருக்கலாம். கிளேட்டன், லடூ, பார்க்வே, ராக்வுட் என்று நற்பெயர் பெற்ற மாவட்டங்களில் ஏதேனும் ஒன்றை மனத்தில் வைத்திருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வீட்டு முகவரியை அந்த மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கேன்சஸ் சிட்டிக்கு மாறுகிறோம். மாநில எல்லைக்கு எந்தப் பக்கம் வீடு பார்த்தால் வரி குறையும்? – ஒரு வாசகர், சிகாகோ

பதில்: வருமான வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் மிசூரி பக்கம். 2025-இல் அங்கே உச்ச விகிதம் 4.7 விழுக்காடு, கேன்சஸில் 5.58 விழுக்காடு. ஆனால் கேன்சஸ் சிட்டி நகர எல்லைக்குள் வாழ்ந்தாலோ, அந்த எல்லைக்குள் வந்து வேலை பார்த்தாலோ, ஊதியத்தில் 1 விழுக்காட்டை நகரத்துக்கும் தர வேண்டும். செயின்ட் லூயிஸிலும் இதே வரி இதே விகிதத்தில் உண்டு. இரு ஊர்களிலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்காளர்கள் இதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். கேன்சஸ் பக்கம் வீடு, கேன்சஸ் பக்கமே வேலை என்றால் இந்த ஒரு விழுக்காடு உங்களைத் தொடாது. ஒரு மாநிலத்தில் வீடும் மறு மாநிலத்தில் வேலையும் என்றால், ஓரிடத்தில் செலுத்தியதை மற்றோரிடத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், ஆண்டுதோறும் இரண்டு மாநிலங்களுக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

சிகாகோவிலிருந்து வருபவர்களுக்கு அதிர்ச்சி தருவது கார் வரிதான். இல்லினாயில் இல்லாத ஒரு வழக்கம் இது: இரு மாநிலங்களிலும் வீட்டைப் போலவே காரும் சொத்தாக மதிப்பிடப்பட்டு ஆண்டுதோறும் வரிக்கு உட்படுகிறது. மிசூரியில் ஜனவரி 1 அன்று உங்கள் கையில் இருந்த வண்டிக்கு டிசம்பர் 31-க்குள் கட்ட வேண்டும். கட்டிய ரசீதைக் காட்டாமல் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அந்த ஆண்டு புதிதாக வந்தவராக இருந்தால், உங்கள் பெயரில் மதிப்பீடு இல்லை என்று கவுண்டி மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். இது தெரியாமல் போனால் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்ப நேரிடும். வீட்டுச் சொத்து வரியில் மட்டும், இல்லினாயிலிருந்து வரும் நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் நிம்மதிப் பெருமூச்சு விடலாம்.

கேள்வி: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்த ஊரில் சமாளிக்க முடியும்? – ஒரு வாசகி, பாஸ்டன்

பதில்: இரண்டிலுமே சிரமம்தான், இருந்தாலும் செயின்ட் லூயிஸில் சிரமம் குறைவு. 1993-இல் தொடங்கிய மெட்ரோலிங்க் என்ற லைட் ரயில், விமான நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம், ஃபாரஸ்ட் பார்க், பெரிய மருத்துவமனைகள் இருக்கும் சென்ட்ரல் வெஸ்ட் எண்ட், டவுன்டவுன் என்று பயனுள்ள இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு, மிசிசிப்பியைத் தாண்டி இல்லினாய் வரை செல்கிறது. மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை அமைந்து, நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடும் அமைந்தால் ஒருவர் கார் இல்லாமல் வாழ்ந்துவிடலாம்.

கேன்சஸ் சிட்டியில் 2016-இல் வந்த டிராமுக்குக் கட்டணமே கிடையாது. முதலில் இரண்டு மைல் சொச்சம் மட்டுமே ஓடியது, 2025 அக்டோபரில் கன்ட்ரி கிளப் பிளாசா வழியாகத் தெற்கே பல்கலைக்கழகம் வரை நீண்டிருக்கிறது. அந்த ஒற்றைக் கோட்டின் ஓரத்தில் வாழ்வது இனிமையானது. அதை விட்டு விலகினால், பரந்துகிடக்கும் ஊரும், நெடுஞ்சாலையை நம்பியே கட்டப்பட்ட புறநகர்களும்தான். 2023-இல் திறந்த புதிய விமான நிலைய முனையம் அழகானது. ஆனால் அங்கே போகவும் ரயில் இல்லை.

கேள்வி: ஒரே மாநிலத்து ஊர்களுக்குள் ஏன் இத்தனை போட்டி? – ஒரு வாசகர், மினியாபோலிஸ்

பதில்: ஒரு பாலத்தால் வந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1764-இல் பிரெஞ்சு வணிகர்கள் நிறுவிய செயின்ட் லூயிஸ், ஆற்றையும் நீராவிப் படகையும் நம்பி வளர்ந்தது. மேற்கே போகிற எல்லாச் சரக்கும் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்று அது இருந்துவிட்டது. அப்போது சிற்றூராக இருந்த கேன்சஸ் சிட்டி, 1869-இல் மிசூரி ஆற்றின் குறுக்கே முதல் பாலமான ஹானிபல் பாலத்தைப் பெற்றது. அந்தப் பாலம் ஊரை இணைத்தது செயின்ட் லூயிஸின் பகைநகரமான சிகாகோவோடு. டெக்சஸ் மாடுகள் செயின்ட் லூயிஸைத் தொடாமலே சிகாகோவுக்குப் போகத் தொடங்கின. மிசிசிப்பியின் மேல் ஈட்ஸ் பாலத்தைச் செயின்ட் லூயிஸ் கட்டி முடித்ததோ 1874-இல்தான்.

அதன் பிறகு எதிலும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. நாடு முழுவதற்கும் பன்னிரண்டு மத்திய ரிசர்வ் வங்கிகளை அமைத்தபோது இரண்டு நகரங்களும் ஆளுக்கொன்றைப் பெற்றன. இரண்டு ரிசர்வ் வங்கிகள் உள்ள ஒரே மாநிலம் மிசூரிதான். விளையாட்டில் 1985-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரில் செயின்ட் லூயிஸின் கார்டினல்ஸ் அணியும் கேன்சஸ் சிட்டியின் ராயல்ஸ் அணியும் மோதின. செயின்ட் லூயிஸ் மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்த ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், ஆட்டமிழந்திருக்க வேண்டிய கேன்சஸ் சிட்டி வீரரை ஆட்டமிழக்கவில்லை என்று நடுவர் டான் டெங்கிங்கர் அறிவித்தார். அந்த ஆட்டத்தையும் அடுத்த ஆட்டத்தையும் வென்று கோப்பையை ராயல்ஸ் எடுத்துச் சென்றது. தீர்ப்பு தவறு என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டும் செயின்ட் லூயிஸ்காரர்களுக்கு ஆறவில்லை. அலுவலகத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பது நல்லது.

கேள்வி: குளிர் எங்கே குறைவு? – ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: செயின்ட் லூயிஸில், ஆனால் மிகச் சிறிய வித்தியாசம்தான். இரண்டிலும் கோடை புழுங்கும், சனவரி உறையும், வசந்தத்தில் டொர்னாடோ பயம் இருக்கும். 2025 மே 16 அன்று வீசிய டொர்னாடோ செயின்ட் லூயிஸின் வடபகுதியில் ஆயிரக்கணக்கான கட்டடங்களைச் சிதைத்தது. எந்த ஊரானாலும் நிலவறை உள்ள வீடாகப் பாருங்கள்.

கேள்வி: வயதான பெற்றோரும் சிறு குழந்தையும் உள்ள குடும்பம் வார இறுதியில் எங்கே போவது? புதிதாக வருபவர்களை ஊர் ஏற்றுக்கொள்கிறதா? – ஒரு வாசகர், டாலஸ்

பதில்: முதல் கேள்விக்குச் செயின்ட் லூயிஸுக்கே முழு மதிப்பெண். 1904-இல் உலகக் கண்காட்சி நடந்த ஃபாரஸ்ட் பார்க்கில், ஏறக்குறைய 1,300 ஏக்கர் பரப்புக்குள், விலங்குக் காட்சிசாலையும் கலை அருங்காட்சியகமும் வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கின்றன. எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. நகரத்தாரும் கவுண்டி மக்களும் சொத்து வரியோடு சேர்த்துச் செலுத்தும் ஒரு சிறு தொகைதான் இதற்கு ஆதாரம். பிரிந்துபோன இரண்டு ஆட்சிப் பகுதிகளும் சேர்ந்து செய்யும் அரிய காரியம் இது. கேன்சஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் கலை அருங்காட்சியகம் இலவசம், அதன் ஆசியக் கலைத் தொகுப்புக்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம். விலங்குக் காட்சிசாலைக்குக் கட்டணம் உண்டு. பெரிய இந்துக் கோயில் இரு வட்டாரங்களிலும் இருக்கிறது: செயின்ட் லூயிஸில் மேற்குக் கவுண்டியில், கேன்சஸ் சிட்டியில் எல்லைக்கு அப்பால் ஷானி என்ற ஊரில்.

இரண்டாவது கேள்விக்கு மதிப்பெண் கேன்சஸ் சிட்டிக்கு. செயின்ட் லூயிஸில் புதியவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, நீங்கள் எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தீர்கள் என்பது. அந்த ஒரு விடையிலிருந்து உங்கள் குடியிருப்பு, மதம், வசதி மூன்றையும் ஊகித்துவிடுவார்கள். வெளியூரில் படித்தவர் என்று தெரிந்ததும் பேச்சு மரியாதையோடு வேறு பக்கம் திரும்பும். அங்கே நட்பு உருவாக இரண்டு ஆண்டு பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேன்சஸ் சிட்டியில் அடுத்த வீட்டுக்காரர் முதல் வாரத்திலேயே வறுத்த இறைச்சித் தட்டோடு வந்து கதவைத் தட்டக்கூடும். சைவர் என்றால் அதை அன்றே சொல்லிவிடுங்கள்.