பழைய ஃபிலிம் ஸ்கேனரை வீட்டிலேயே திருத்த முடியுமா?

முடியும். உங்கள் நிக்கான் கூல்ஸ்கேன் 4-இல் படம் புகை மூடியதுபோல வருகிறது, ஃபிலிம் துண்டைப் போட்டால் பாதியில் வெளியே தள்ளிவிடுகிறது, இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கம் திருத்த ஆளில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 2001-இல் வந்த மெஷின், சென்சர் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். இரண்டுமே பெரும்பாலும் அழுக்கால் வரும் கோளாறுகள். தலவாக்கலையில் நானும் இதே வகை மெஷினில்தான் எங்கள் குடும்ப நெகட்டிவ்களை ஸ்கேன் செய்கிறேன்.

முதலில் புகை. ஃபிலிமைக் கடந்து வரும் ஒளியை லென்ஸ் பக்கம் திருப்ப உள்ளே ஒரு சிறு கண்ணாடி சாய்வாக இருக்கிறது. தூசி போய்ப் படிவது அதன் மேல்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழையும் பனிமூட்டமும் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும் நம் பக்கத்தில், அந்தத் தூசி ஈரத்தோடு சேர்ந்து படலமாகிவிடும். ஸ்லைடு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சமான ஜன்னலைச் சுற்றியுள்ள இருட்டில் வெண்மை கசிந்தால் கண்ணாடியில்தான் அழுக்கு. நெகட்டிவில் இது தலைகீழாக இருக்கும்: மணமகனின் கறுப்புக் கோட்டு, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சேலைக்குள் சாம்பலாக இறங்கும்.

பிளக்கைக் கழற்றி நன்றாக ஆறவிட்டு, அப்புறம் மூடியைத் திறங்கள். பவர் சப்ளை போர்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். 230 வோல்ட் போகிற இடம் அது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கழற்றும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கண்ணாடிக்கு ஒளியைத் திருப்பும் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பின்னால் இல்லை. ஒருமுறை கீறினால் போனதுதான். அதனால் முதலில் ரப்பர் பல்பால் காற்றடித்துத் தூசியைக் கிளப்புங்கள். பிறகு பஞ்சுக்குச்சியில் சுத்தமான ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்டு, உதறிவிட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் ஒரு இழுப்பு. அடுத்த இழுப்புக்குப் புதுக் குச்சி. பாமசியில் வாங்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் சரிவராது, காய்ந்த பிறகு கறை விடும். போன் திருத்துகிற கடைகளில் நல்லது இருக்கும், கொஞ்சம் கேட்டு வாங்கலாம். ஜன்னல் துடைக்கும் திரவம் வேண்டவே வேண்டாம்.

ஃபிலிமை வெளியே தள்ளும் கோளாறுக்கு, துண்டு போடும் அடாப்டரின் ரோலர்களையும் மின் தொடுமுனைகளையும் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சுருண்ட ஃபிலிமையும் அது ஏற்காது. உறையில் போட்டு, கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வைத்து நிமிர்த்திக்கொள்ளுங்கள். மோட்டார் முனகினால் திருகுத் தண்டில் கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழையதைத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் சொட்டளவு போதும். ஸ்பிரே எதையும் உள்ளே அடிக்காதீர்கள், அது பறந்து போய் அதே கண்ணாடியில்தான் உட்காரும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, நிக்கானின் பழைய ஸ்கேன் மென்பொருளுக்கு 64 பிட் விண்டோஸ் ஆதரவு கிடையாது. வியூஸ்கேன் என்ற வேறு ஸ்கேன் மென்பொருளைப் போட்டால் வேலை செய்யும்.

வேலை முடிந்ததும் மெஷினை சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமாக மூடும் பெட்டியில் வையுங்கள். நெகட்டிவ்களுக்கும் அதேதான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன சொந்தங்களின் முகம் நம் வீடுகளில் இருக்கும் நெகட்டிவ்களைத் தவிர வேறு எங்கும் கிடையாது. பூஞ்சை பிடித்துவிட்டால் எந்த ஸ்கேனராலும் அதை மீட்க முடியாது. அதனால் மெஷின் நன்றாக ஓடும்போதே அவற்றை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அந்தக் காலத்து ஸ்டூடியோ படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அவற்றுக்கு டிஜிட்டல் ஐஸ் என்கிற தூசி நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது, ஃபிலிமில் உள்ள வெள்ளி அந்த ஒளியை மறிப்பதால் படத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு சிதைத்துவிடும். அகலமான 120 ஃபிலிமாக இருந்தால் இந்த மெஷினுக்குள் போகவே போகாது. அதற்கு ஃபிலிம் விளக்கு உள்ள பிளாட்பெட் ஸ்கேனர்தான் வழி.