தம்பியைப் பார்க்க எப்ப கூட்டிப் போவீங்கள், மிஸ்?

அன்புள்ள அக்கா,

எனக்கு 17 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மகளிர் இல்லத்தில் இருந்து உயர்தரம் படிக்கிறேன். அப்பா இல்லை. அம்மா சுகமில்லாதவ, எங்களை வைத்துப் பார்க்க ஏலாது. தம்பி வவுனியாவில் ஆண் பிள்ளைகளின் இல்லத்தில் இருக்கிறான்.

எங்களைப் பார்க்க வரும் நன்னடத்தை உத்தியோகத்தர் அடிக்கடி மாறுகிறார். புதிதாக வருபவ பொறுப்பாளர் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?" என்று கேட்பா. அன்ரிக்கு முன்னால் வேறென்ன சொல்லுறது? "ஓம் மிஸ்" என்பேன். பிறகு வீட்டில் நடந்ததை முதலில் இருந்து சொல்லச் சொல்லுவா. அதெல்லாம் பைலில் இருக்குத்தானே?

போன மிஸ் நல்லவ. லீவுக்குத் தம்பியிடம் கூட்டிப் போவதாகச் சொன்னா. லீவும் முடிஞ்சுது. அவ இடமாற்றமாகிப் போனதை அன்ரிதான் சொன்னா. இப்ப வாறவவிடம் கேட்கப் பயமாயிருக்கு. 18 வயதுக்குப் பிறகு எங்க போறது என்றும் ஒருவரும் கதைக்கவில்லை. கேட்டால், நன்றியில்லாத பிள்ளை என்பார்களோ? நான் எதிர்பார்க்கிறது கூடவா அக்கா?

அன்புத் தங்கச்சி,

கூடவே இல்லை. உண்மையில், குறைவாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 'நன்றி' எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. பிறந்தநாள், நினைவுநாள் என்று வெளிநாட்டு உறவுகள் இல்லத்துக்குச் சாப்பாடு தருவார்கள். வரிசையில் நின்று நன்றி சொல்லிப் பழகிய பிள்ளைக்கு உத்தியோகத்தரின் கடமையும் உபகாரமாகவே தெரியும். அது உபகாரம் இல்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, உங்களைப் பற்றிய முடிவுகளில் உங்கள் கருத்தைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. 25ஆம் உறுப்புரை, நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்கு இன்னும் பொருத்தமானதா என்று காலத்துக்குக் காலம் மீளப் பார்க்க வேண்டும் என்கிறது. பொறுப்பாளர் பக்கத்தில் இருக்க "ஓம் மிஸ்" என்று வாங்குவதை அப்படிப் பார்த்ததாக நான் எடுக்க மாட்டேன்.

அடுத்த முறை, "மிஸ், உங்களோட தனியக் கதைக்க வேணும்" என்று கேளுங்கள். மற்றவர்களின் கண்ணுக்குத் தெரிகிற, காதுக்கு எட்டாத இடம் போதும். பழைய கதையைத் திரும்பச் சொல்ல விருப்பமில்லை என்றால், பைலைப் பார்க்கச் சொல்லலாம். அது மரியாதைக்குறைவு இல்லை.

போன மிஸ்ஸை நல்லவ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவர்மேலும் கோபம் வரலாம், தங்கச்சி. நீதிமன்றம், வீடுகள், இல்லங்கள் என்று ஓடுகிற அவர்களின் வேலைச்சுமை உண்மைதான். இடமாற்றத்தை அவரால் தடுக்கவும் ஏலாது. ஆனால் "நான் போறன், கூட்டிப்போக முடியாமல் போச்சு" என்று ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கலாம். இதை வாசிக்கும் உத்தியோகத்தர்களிடமும் மன்றாடிக் கேட்கிறேன்: முடியாததை முடியாது என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். காத்திருக்க வைத்துவிட்டுக் காணாமல் போவதைத்தான் தாங்க மாட்டார்கள்.

தம்பியின் விசயத்தை முதலில் கேளுங்கள். பெற்றோரின் பராமரிப்பில் இல்லாத பிள்ளைகளுக்காக 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள், கூடப்பிறந்தவர்களைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது, பிரிக்க நேர்ந்தாலும் தொடர்பு விடுபடக்கூடாது என்கின்றன. போவதற்கு ஒரு திகதி கேளுங்கள். அதுவரை இரண்டு இல்லங்களும் பேசி, கிழமைக்கு ஒரு தரமாவது அவனோடு போனில் கதைக்க விடச் சொல்லுங்கள்.

பிறகு 18 வயதுக் கதை. சோதினை முடியும்வரை எங்கே தங்குவது? அம்மாவிடமோ சொந்தக்காரரிடமோ போகலாமா என்று யார் பார்ப்பது? பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் இப்போது யாரிடம்? எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள்.

பதில் வராவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பாடசாலையில் நம்பிக்கையான ரீச்சர் மூலம் அவருக்கு அறிவிக்கலாம். யாராவது அடித்தாலோ வேறு விதமாகத் துன்புறுத்தினாலோ காத்திருக்காமல் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். கட்டணம் இல்லை.

மிஸ் என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள். மறுத்தாலும் எழுதுங்கள், அடுத்து யாரிடம் போவது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா