கருமந்திக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா?

வால்பாறைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: வீட்டுக்குப் பின்னால் உள்ள மரங்களுக்குக் காலையில் கருமந்திக் கூட்டம் வருகிறது, தங்க வருபவர்கள் பழமும் பிஸ்கட்டும் நீட்டுகிறார்கள், தடுப்பதா விடுவதா?

தடுத்துவிடுங்கள். பிஸ்கட் மட்டுமில்லை, வாழைப்பழமும் வேண்டாம்.

கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பிடுங்கும் நாட்டுக்குரங்கு வேறு, இது வேறு. நாட்டுக்குரங்கு கிடைத்ததைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு ஓடும். கருமந்திக்கு அந்தப் பையே கிடையாது, அதற்கு முக்கிய உணவு இலை, அதிலும் தளிர் என்றால் தனி விருப்பம், கூடவே பூ, காய், விதை. இலையின் நாரைச் செரிக்க அதன் இரைப்பை மாட்டுக்கு இருப்பதுபோலப் பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது, உள்ளே நுண்ணுயிரிகள் மெதுவாக நொதிக்க வைக்கின்றன, அதனால்தான் தின்றுவிட்டு நெடுநேரம் கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த வயிற்றில் சர்க்கரையும் மாவும் நிறைய விழுந்தால் நொதித்தல் தாறுமாறாக வேகமெடுத்து அமிலம் கூடும், வயிறு உப்பும், உயிரே போகலாம். அப்புறம், தீனிக்காகத் தரையிறங்கிப் பழகிய கூட்டம் நாயிடமும் வண்டியிடமும் மாட்டும்.

குடகிலிருந்து குமரி மாவட்ட மலைகள் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இந்த இனம் இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு லேகியம் என்று சொல்லியே எவ்வளவோ கொன்றார்கள், அது கொடுமை. இப்போது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டையாடினால் ஏழு ஆண்டு வரை சிறை.

சரி, அதற்கு நல்லது செய்ய வேண்டும் என்றால்? வால்பாறையில் தேயிலைக்கு நடுவே காடு துண்டு துண்டாகத்தான் நிற்கிறது, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதற்குக் கிளைதான் பாதை. அதனால் உங்கள் இடத்தில் கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் தயவுசெய்து வெட்டாதீர்கள். புதிதாக நடுவதாக இருந்தால் சில்வர் ஓக்கை விட்டுவிட்டு வெடிப்பலா நடுங்கள், வளர நாளாகும்தான், ஆனால் அது பூத்தால் கருமந்தியும் வரும், சிங்கவால் குரங்கும் வரும், மலையணிலும் வரும்.

விருந்தினர் கையில் பழத்துக்குப் பதில் பைனாகுலரைக் கொடுங்கள். விடியலில் ஆண் மந்தி 'ஹூ... ஹூ' என்று குரல் கொடுக்கும், அந்தத் திசையில் பார்த்தால் கறுப்புத் தாயின் மடியில் செம்பழுப்புக் குட்டிகூடக் கண்ணில் படலாம். கூட்டம் கத்திக்கொண்டு கிளைகளில் தாவ ஆரம்பித்தால், நீங்கள் ரொம்பப் பக்கத்தில் போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள்.