தாய்மாமன் வழி வந்ததா?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 8 வயது. ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லை. சின்ன விஷயத்துக்கும் கத்தித் தீர்க்கிறான். அப்புறம் சுவரோரம் உட்கார்ந்து தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறான். டாக்டர், "குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?" என்று கேட்டார். பக்கத்தில் மாமியார். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். என் அண்ணனுக்கு 20 வயதிலிருந்தே மனச்சிதைவு, கல்யாணத்தின்போது மறைத்துவிட்டார்கள். மகன் பிறந்தபோது, "தாய்மாமனை உரித்து வைத்திருக்கிறான்" என்று கொஞ்சினார்கள். இப்போது அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. இது என் ரத்தத்தில் வந்ததா, நான் வளர்த்த விதத்தில் வந்ததா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

ரத்தம் என்றாலும் நீங்கள், வளர்ப்பு என்றாலும் நீங்கள். பையனின் அப்பா உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூட வரவில்லை, கவனித்தீர்களா?

படித்தவர்களும் இப்படி அம்மாவைத்தான் குற்றம் சொன்னார்கள். பிறரோடு பழகுவதும் பேசுவதும் சிறுவயதிலிருந்தே சிரமமாகிற ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமில்லாத 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று அமெரிக்காவில் நிபுணர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர்கள், ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த 21 ஜோடி இரட்டையரை பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது தெரிந்தது. சரி, அந்த 11இல் மீதி 7? அச்சு அசலாக அதே மரபணு, ஆனாலும் ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வரவில்லை.

உங்கள் அண்ணனுக்கு இருக்கும் மனச்சிதைவில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில்தான். தாய்மாமன் என்றால் இன்னும் குறைவு. 13 வயதுக்கு முன் அது தொடங்குவது மிக அரிது. தனக்குள் பேசிக்கொள்வதை இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் செய்கிறார்கள். தூக்கம் கெட்டதைத்தான் நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

பின்லாந்தில் பெக்கா தியெனாரி என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவு உள்ள அம்மாக்களுக்குப் பிறந்து தத்துப்போன பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார். சச்சரவான வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வந்தது, நிம்மதியான வீடுகளில் குறைவாக. அந்தப் பரம்பரை இல்லாத பிள்ளைகளிடமோ வீட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு, வீட்டுச் சண்டைதான் காரணமோ என்று புதிதாக ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தூங்காமல் கத்துகிற பிள்ளை இருக்கும் வீட்டில் சண்டை வராமலா இருக்கும்?

டாக்டரிடம் சொன்ன அந்த 'இல்லை'யை முதலில் சரிசெய்யுங்கள். எந்த மருந்தை யோசித்துக் கொடுக்கவேண்டும், எதைக் கூர்ந்து கவனிக்கவேண்டும் என்று முடிவுசெய்ய அவருக்கு அந்தத் தகவல் தேவை. அடுத்த முறை பையனையும் மாமியாரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு, ஐந்து நிமிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள். அண்ணனுக்கு எப்படித் தொடங்கியது, எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதே தாளில் உங்கள் கணவர் வழியையும் விசாரித்து எழுதுங்கள். யாரும் பேச்செடுக்காத ஒரு சித்தப்பா அங்கேயும் இருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.