மெக்கானிக்கைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் சத்தம்: பழைய லாரிக்காரர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். சத்தம் வருகிறது, போகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி பூனை மாதிரி நிற்கிறது. சத்தம் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். டொக் டொக், கடகட, கிர்ர். ஆனால் அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று எழுதியவர்கள் சிலர்தான். எனக்கு வேண்டியது அதுதான். முதல் கேள்விக்காரர் அதைச் சரியாகக் கவனித்திருக்கிறார், அதனால் அவருக்கே முதல் இடம்.

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: 1999 மாடல் டாடா, கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் இன்ஜின். ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல்) நிற்கும்போது கனமாக டொக் டொக் என்று அடிக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. டவுனுக்குள் ஓட்டினால் அடிக்கடி வருகிறது, பைபாஸில் வருவதே இல்லை. ஒரு பட்டறையில் டேப்பட் (வால்வு இடைவெளி) வைத்தார்கள், பயனில்லை. இன்னொருவர் ராடு பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்து பேரிங்) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இறக்கலாமா?

இறக்காதீர்கள். முதலில் டேஷ்போர்டில் இருக்கிற ஏர் கேஜைப் பாருங்கள்.

டவுனில் என்ன செய்கிறோம்? நிமிடத்துக்கு ஒருமுறை பிரேக் மிதிக்கிறோம். பிரேக்குக்குக் காற்று தரும் டேங்கில் ஏர் இறங்குகிறது, காற்றை அடைக்கும் கம்ப்ரசர் மறுபடி ஏற்றுகிறது. ஏர் நிறைந்ததும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கட் ஆகி, கம்ப்ரசர் பாரமில்லாமல் சும்மா சுற்றுகிறது. பைபாஸில் பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் கம்ப்ரசருக்கும் வேலை இல்லை. உங்கள் சத்தம் வந்துபோகிற கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

சோதிப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஏர் இறங்கும் சோதனை என்பதால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரலில் ஸ்லோவாக ஓடவிட்டு, கவர்னர் கட் ஆகும்வரை காத்திருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 7 முதல் 8 கிலோ அழுத்தத்துக்குள் அந்த ‘புஸ்’ சத்தம் கேட்கும். அந்த நொடியே டொக் டொக் நிற்கிறதா? இப்போது பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்து ஏரை இறக்குங்கள். கம்ப்ரசர் மறுபடி பாரம் எடுத்ததும் சத்தம் திரும்பி வந்தால் ஆள் அகப்பட்டான்.

இது ஏன் ராடு பேரிங் மாதிரியே கேட்கிறது என்றால், இந்த இன்ஜினில் கம்ப்ரசர் டைமிங் கியரோடு கோர்த்து ஓடுகிறது. கம்ப்ரசருக்குள்ளும் ஒரு பிஸ்டன், ஒரு கனெக்டிங் ராடு, ஒரு பேரிங் உண்டு. அங்கே ஆட்டம் வந்தால் அந்த அடி கியர் வழியாக பிளாக் முழுவதும் பரவுகிறது. சம்ப் (இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) பக்கம் காது வைத்தாலும் கேட்கும். நானே இதில் ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்து ஆறேழு வருடம் ஆன சமயம், இதே சத்தத்துக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வண்டியின் சம்பைக் கழற்றினேன். ராடு பேரிங் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. ஓனர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கேஸ்கெட் காசை நான்தான் கொடுத்தேன்.

கம்ப்ரசரைக் கழற்றினால் ராடு பேரிங், பிஸ்டன் பின், ரிங், கியர் நட் நாலையும் பாருங்கள். இன்ஜினிலிருந்து கம்ப்ரசருக்கு ஆயில் வரும் வழி அடைத்திருந்தால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும். அதைத் திறந்து பார்க்காமல் கிட் மாற்றுகிறவர்கள் நிறைய. டெலிவரி பைப்பையும் கழற்றி உள்ளே பாருங்கள். கரி படிந்து துவாரம் சுருங்கியிருந்தால் கம்ப்ரசர் மூச்சு முட்டி ஓடுகிறது என்று அர்த்தம். ஏர் டேங்க் டிரெயினைத் திறக்கும்போது தண்ணீரோடு கறுப்பு ஆயிலும் வந்தால் ரிங் முடிந்துவிட்டது. அந்த ஆயிலும் கரியும் பிரேக் வால்வுகளுக்குத்தான் போகும். இன்ஜின் தப்பித்தது என்று வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

டேப்பட் வைத்தவர் என்ன கேப் வைத்தார் என்றும் கேளுங்கள். இந்த இன்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. இரண்டுக்கும் ஒரே கேப் வைத்துவிட்டு ‘கை அளவு’ என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவேளை ஏர் ஏறினாலும் இறங்கினாலும் சத்தம் மாறவே இல்லை என்றால், அப்போதுதான் இன்ஜின் பக்கம் திரும்ப வேண்டும். ஸ்லோவில் ஓடவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக, டீசல் பீச்சும் நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். எந்த சிலிண்டரில் தளர்த்தும்போது சத்தம் அடங்குகிறதோ, கோளாறு அந்த சிலிண்டரின் நாசிலிலோ பிஸ்டனிலோ ராடிலோ இருக்கிறது. ஆறிலும் மாறாவிட்டால் டேப்பட், டைமிங் கியர், வாட்டர் பம்ப் என்று வெளியே தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையுறை காப்பாற்றாது. கண்ணாடி போட்டுக்கொண்டு நீளமான ஸ்பேனரால் செய்யுங்கள், விரலை அருகே கொண்டுபோகாதீர்கள். இந்த வித்தை பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டும்தான். காமன் ரெயில் (மிக அதிக அழுத்தத்தில் டீசல் பீச்சும் புது வகை) வண்டியில் தொடவே கூடாது.

ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு ஓட்டுபவர்: பழைய டாடா 407. விடியற்காலை ஸ்டார்ட் செய்தால் தட்தட் என்று சத்தம், பத்து நிமிடம் ஓடினால் போய்விடுகிறது. டேப்பட்டா அண்ணே?

டேப்பட் அப்படி நேரம் பார்த்து நிற்காது தம்பி. சூடானாலும் அது தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

ஸ்டார்ட் ஆன ஐந்து, பத்து நொடியில் நிற்கிற சத்தம் வேறு. ராத்திரி முழுக்க நின்றதில் ஃபில்டரிலிருந்து ஆயில் கீழே இறங்கிவிட்டது, மேலே வந்து சேரும்வரை தட்டுகிறது. ஃபில்டரை நல்லதாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. அப்படியானால் பிஸ்டன் பக்கம் சந்தேகப்படுகிறேன். சிலிண்டர் தேய்ந்திருந்தால் குளிரில் பிஸ்டன் தளர்ந்து பக்கச் சுவரில் மோதும். சூடானதும் விரிந்து இடைவெளி குறையும், சத்தமும் அடங்கும். மேலே சொன்ன நாசில் நட் சோதனையைக் காலை முதல் ஸ்டார்ட்டில் செய்தால் எந்த சிலிண்டர் என்றும் தெரியும்.

இதற்காக உடனே போர் வேலைக்கு (சிலிண்டர் துளையைக் கடைவது) ஓட வேண்டாம். ஆயில் குடிக்காமல், பிரீதரில் (இன்ஜினின் மூச்சுக்குழாய்) புகை தள்ளாமல், இழுவை குறையாமல் இருந்தால் இன்னும் நன்றாகவே ஓடும். காலையில் ரேஸ் கொடுத்துச் சூடேற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஒரு நிமிடம் ஸ்லோவில் விட்டு, மெதுவாக நகர்த்திச் சூடேற்றுங்கள். (உங்கள் பழைய 407-இல் இருக்கும் 497 இன்ஜினுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? நாலு சிலிண்டர், 97 மி.மீ. போர். பெரிய வண்டிகளின் 697-க்கு ஆறு சிலிண்டர், அதே 97.)

சத்தியமங்கலம்: திம்பம் மலைப்பாதை ஏறும்போது டிக் டிக் என்று சத்தம். லோடு இல்லாமல் ஏறினால் இல்லை. சில சமயம் கீழே சமதளத்திலேயே லேசாகக் கேட்கிறது.

27 கொண்டை ஊசி வளைவு, லோடு வேறு. எக்ஸாஸ்டில் அழுத்தம் உச்சத்தில் இருக்கிற நேரம் அது. ஹெட்டிலிருந்து புகையை வெளியே எடுத்துப்போகிற மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் அப்போதுதான் டேப்பட் மாதிரி டிக்கென்று அடிக்கும். இன்ஜின் குளிர்ந்த பிறகு ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புகைக்கரி கோடு இழுத்திருந்தால் அதுதான். ஸ்டட் ஒடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், கோடியில் உள்ள ஸ்டட்கள்தான் முதலில் போகும். மேனிஃபோல்டு வளைந்திருந்தால் முகம் பிடிக்காமல் (தளத்தைச் சமமாக்காமல்) புது கேஸ்கெட் போட்டுப் பயனில்லை.

கரி இல்லையென்றால் நாசில்களைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். சொட்டுகிற நாசில் லோடில் கடகடக்கும், கறுப்புப் புகையும் தள்ளும். சத்தம் இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, வண்டி வேகத்தோடா என்பதையும் கவனியுங்கள். வண்டி வேகத்தோடு என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) கிராஸையும் சென்டர் பேரிங்கையும் பாருங்கள். இதைப் பார்க்கிறேன் என்று மலையில் நியூட்ரல் போட்டுவிடாதீர்கள். காலியான சமதள ரோட்டில் பாருங்கள்.

கரூர்: ஸ்லோவில் கரகர சத்தம், கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது.

இன்ஜின் இல்லை. கியர்பாக்ஸ் முன்பக்க பேரிங். மிதிக்கும்போது வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

நாகர்கோவில்: மழை நாளில் மட்டும் கீச்சென்று கத்துகிறது.

பெல்ட். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. வரை இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் டைட் செய்யுங்கள், பக்கவாட்டில் பளபளத்திருந்தால் மாற்றுங்கள். அப்படியே ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாட்டர் பம்ப் பேரிங். இன்ஜின் நின்றிருக்கும்போது பாருங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

தூத்துக்குடி, உப்பு லோடு டிரைவர்: மதியத்துக்கு மேல் வண்டி நன்றாகச் சூடானதும் ஸ்லோவில் ஆயில் லைட் மினுக்குகிறது. ஆக்சிலேட்டரை விடும்போது அடியிலிருந்து டக் டக் என்று வருகிறது. ரேஸ் கொடுத்தால் லைட்டும் அணைகிறது, சத்தமும் குறைகிறது. ஓனர் இந்த டிரிப் முடியட்டும் என்கிறார்.

இந்தப் பதிலை ஓனரிடம் காட்டுங்கள். வண்டியை இன்றே நிறுத்துங்கள்.

சத்தமும் ஆயில் பிரஷரும் சேர்ந்து குறிகாட்டினால் பேரிங்கில் ஆயில் படலம் நிற்கவில்லை என்று பொருள். இன்று நிறுத்தினால் பேரிங் செட்டோடு போகலாம். டிரிப் முடித்தால் கிராங்க்கைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டி வரும். ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் அந்தக் கணக்கை நான் எழுதத் தேவையில்லை.

கழற்றுவதற்கு முன் மூன்று வேலை. சென்சார் பொய் சொல்லலாம், அதனால் தனி பிரஷர் கேஜ் மாட்டி சூட்டில் அளக்கச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஊற்றியதைவிட ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்துப் பிரஷர் நிற்காது. கடைசியாக ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தம் வைத்துப் பார்த்து ‘ஒன்றும் ஒட்டவில்லை, நல்லாயிருக்கு’ என்று சொல்லிவிடுகிறார்கள். பேரிங்கின் செம்பும் ஈயமும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது. வெயிலில் பிடித்தால் மினுமினுப்பு தெரியும்.

திருச்செங்கோடு: பழைய வண்டி ஒன்று வாங்கப் போகிறேன். ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. நம்பலாமா?

எத்தனை மணிக்குப் போனீர்கள்? நீங்கள் வருவதற்குள் வண்டியைச் சூடேற்றி வைத்திருந்தால் மேலே ஒட்டன்சத்திரம் தம்பி சொன்ன சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்காது. சொல்லாமல் காலை ஆறு மணிக்குப் போங்கள். ரேடியேட்டர் மேல் டேங்கைத் தொட்டு, குளிர்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். தேன் மாதிரி நூல் விட்டால் சத்தத்தை அமுக்கக் கெட்டி ஆயிலோ வேறு எதுவோ ஊற்றியிருக்கிறார்கள். பிறகு ஏர் முழுசாக ஏறி, பிரேக்கில் இறங்கி, மறுபடி ஏறும்வரை ஸ்லோவிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் பேச்சுக் கொடுப்பார். நீங்கள் இன்ஜினைக் கேளுங்கள்.