மாமா கொண்டுவந்த கணக்கும் மகள் எழுதிய கணக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், மகளின் மேல்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். மகள் கால்நடை மருத்துவம் படித்து முடிக்கும் நிலையில், உள்ளுறைப் பயிற்சியில் இருக்கிறாள். அம்மாவின் தம்பியும் கூட வந்திருந்தார். உட்காரச் சொல்வதற்குள் அவர்தான் பேச ஆரம்பித்தார்.

"பாப்பா மேல்படிப்புக்கு மருந்தியல் எடுக்கப் போகிறாளாம். வாத்தியாராகப் போகிறாளாம். அறுவை சிகிச்சைப் பிரிவே கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருக்கிறது. கத்தி பிடித்தால்தானே டாக்டர்? மருந்துப் பெயர்களை ஒப்பிக்கவா ஐந்தரை வருஷம் படித்தாள்?"

வழக்கம்போல, பதற வேண்டாம், எந்தப் படிப்பும் வீண் போகாது என்று தொடங்கினேன். அதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். கோயம்புத்தூரில் செல்லப்பிராணி மருத்துவமனை. கட்டட முன்பணம், எக்ஸ்ரே கருவி, ஸ்கேன் கருவி, இரத்தப் பரிசோதனை இயந்திரம், பெயர்ப்பலகை. அடியில் கோடு போட்டு 40 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன். பெயர்ப்பலகைக்கு ஒதுக்கியிருந்த தொகை மருந்துகளுக்கு ஒதுக்கியதைவிட அதிகம் என்பதையும் கவனித்தேன்.

அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: ஐயா, 40 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 55,000 ரூபாய். முதல் நாய் வாசலுக்கு வரும் முன்பே தவணை வந்து நிற்கும். பல்கலைக்கழக ஊதிய விகிதப்படி பணியில் சேரும் ஓர் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. ஒன்று நீங்கள் கட்ட வேண்டிய தொகை. மற்றது உங்கள் மகள் வாங்கக்கூடிய தொகை. அனுபவமே இல்லாத இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் பெயரில் குடியிருக்கும் வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. செல்லப்பிராணி மருத்துவம் நல்ல தொழில்தான். விருப்பம் உள்ளவர்கள் நான்கைந்து வருஷம் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.

அரசு கால்நடை உதவி மருத்துவர் தேர்வு, வங்கி வேலை, குடிமைப் பணி, வெளிநாடு ஆகியவற்றைப் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இவ்வளவு நேரமும் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. விடுதியில் இளைய மாணவிகள் உன்னிடம் எதற்கு வருவார்கள் என்று கேட்டேன். தேர்வுக்கு முந்தைய வாரம் மருந்தியல் சொல்லித்தரச் சொல்லி வராந்தாவில் கூடுவார்கள் என்றாள். எங்களுக்கும் ஒன்று சொல்லிக்கொடு என்றேன். மாமாவின் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

சைலசின் என்று ஒரு மயக்க மருந்து. இரண்டு சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். 400 கிலோ எடையுள்ள குதிரைக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் 20 மில்லி. அதே எடையுள்ள மாட்டுக்கு? "அதே இருபதுதானே" என்றார் அம்மா. "இரண்டு மில்லி போதும் அம்மா. குதிரை அளவைப் போட்டால் மாடு எழுந்திருக்காது" என்றாள். மாட்டுக்கு அந்த மருந்து பத்து மடங்கு கூடுதலாக ஏறும். எடை ஒன்றானாலும் உடம்பு வேறு.

அம்மா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு பார்த்தார். நான் சொல்ல வேண்டியதில் பாதியை அந்தப் பெண்ணே சொல்லி முடித்துவிட்டாள்.

மனித மருத்துவம் படிப்பவருக்கு மருந்தியல் என்றால் ஓர் உடம்பு. கால்நடை மருத்துவ மாணவனுக்கு மாடு, ஆடு, குதிரை, நாய், பூனை, பன்றி, கோழி, முயல் என்று ஒரே மருந்துக்கு எட்டுக் கதைகள். நமக்குக் காய்ச்சல் என்றால் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. முயலுக்குப் பென்சிலினை வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயலே போய்விடும். மாட்டின் பெருவயிறு, இட்லி மாவுப் பானையைப் போல இடைவிடாமல் புளித்துக்கொண்டிருப்பது. அதற்குள் ஆன்டிபயாடிக்கைக் கொட்டினால் நோய்க்கிருமிக்கு முன் மாட்டைச் சோறூட்டி வளர்க்கும் கிருமிகள்தான் சாகும். இதையெல்லாம் மனப்பாடப் பட்டியலாக நடத்தினால் மாணவன் தேர்வு எழுதிய மறுநாள் மறந்துவிடுவான். ஏன் என்று புரியும்படி நடத்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆள் அபூர்வம். அபூர்வமான ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது, நீங்கள் பெயர்ப்பலகைக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

வாத்தியார் வேலையில் என்ன பெரிய விளைவு என்று மாமா கேட்டார். பாறு கழுகுகளைப் பற்றிச் சொன்னேன். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்லோபினாக், மாடு இறந்தபின் அதன் சதையைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கோடிக்கணக்கில் இருந்த பறவை அழிவின் விளிம்புக்குப் போயிற்று. காரணம் இதுதான் என்பது 2004இல் வெளிவந்த ஆய்வில் உறுதியானது. 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் 2015இல் அவற்றையும் 3 மில்லிக்குள் சுருக்கினார்கள். 2023இல் கீட்டோப்ரோபென், அசெக்லோபினாக் என்ற வேறு இரண்டு வலிமருந்துகளும் கால்நடைகளுக்குத் தடையாயின. நீலகிரி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளின் உயிர், சுற்று வட்டார மருத்துவர் எந்த ஊசியை எடுக்கிறார் என்பதில் இருக்கிறது. அந்தக் கை டைக்லோபினாக்கை விட்டு, பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் பக்கம் போகப் பழகுவது வகுப்பறையில்தான்.

மாமா அசைந்துகொடுக்கவில்லை. செயலாளர் அசைந்தார், ஆனால் பாறுக்காக அல்ல. மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பாலை மறுநாளே கேனில் ஊற்றுகிறார்களா என்று கேட்டேன். "ஊற்றாமல்? தயிருக்கு உறை ஊற்றினால் உறையவே உறையாது. நாங்கள் சண்டை போட்டு அலுத்துவிட்டோம்" என்றார். உறைமோரின் கிருமியை அந்தப் பாலில் இருக்கும் மருந்து கொன்றுவிடுகிறது. மருந்து போட்டபின் பாலையும் இறைச்சியையும் விற்காமல் இருக்க வேண்டிய நாள்களைக் காத்திருப்புக் காலம் என்பார்கள். மருந்தின் மேலுறையில் அது குறிக்கப்படாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று சட்ட விதியே இருக்கிறது. அதை மாட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியவர் ஊசி போட்டவர். ஊசி போட்டவருக்கு அதன் முக்கியத்துவம் உறைக்கும்படி நடத்த வேண்டியவர் மருந்தியல் ஆசிரியர். செயலாளர் முதன்முறையாக மகளைத் திரும்பிப் பார்த்தார்.

இனி வழி. முதுநிலைப் படிப்பு இரண்டு வருஷம். துறையின் முழுப்பெயர் மருந்தியல் மற்றும் நச்சியல். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரியிலும் நாமக்கல்லிலும் அந்தத் துறை இருக்கிறது. அகில இந்திய நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் உதவித்தொகையோடு உத்தரப்பிரதேசத்தின் இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் போகலாம். நச்சியல் என்பது வெறும் வாலல்ல. மழை பொய்த்த வருஷம் இளஞ்சோளத் தட்டையைத் தின்று மாடுகள் சயனைடு நஞ்சேறி விழுவதும், பூச்சிமருந்துத் தண்ணீரைக் குடித்த ஆடு வாயில் நுரை தள்ளுவதும் நம் ஊர்க் கதைகள். நாட்டு மருத்துவமும் இங்கேதான் சோதனைக்கு வருகிறது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமே பரப்புகிறது. அது எப்படி வேலை செய்கிறது, எந்தக் கட்டத்துக்குமேல் போதாது என்று அளந்து சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

பாடம் நடத்தும் முறையும் மாறிவிட்டது. முன்பு முயலின் குடல் துண்டைத் தொங்கவிட்டு, மருந்து பட்டதும் அது சுருங்குவதைப் புகை பூசிய தாளில் வரைவார்கள். இப்போது அந்த முயல் கணினித் திரைக்குப் போய்விட்டது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்பார்ம் போன்ற மென்பொருள்கள் அதற்கு வழி திறந்தன. நீ ஆசிரியரானால் என்ன செய்வாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "ஒரு மாட்டுக்கு நிஜமாக எழுதிய மருந்துச்சீட்டைக் கொடுத்து, இதில் எந்த இரண்டை அடிப்பாய், ஏன் என்று கேட்பேன்" என்றாள். அவள் இந்தப் பதிலை இங்கே வந்து யோசிக்கவில்லை.

முதுநிலைக்குப் பின் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் தகுதித் தேர்வு, அதன்பின் முனைவர் பட்டம். ஆசிரியப் பணிக்கான அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. சில தனியார் கல்லூரிகள் நான் சொன்ன சம்பளத்தைத் தராது. இதை மறைத்துப் பேசினால் நான் மாமாவைவிட மோசமானவன் ஆவேன். ஆனால் காத்திருக்கும் காலத்தில் வேறு கதவுகளும் உண்டு. மருந்து நிறுவனங்களில் பாதுகாப்புச் சோதனை, பாலிலும் இறைச்சியிலும் மருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகங்கள் என்று நச்சியல் தெரிந்த கால்நடை மருத்துவருக்கு வேலை இருக்கிறது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வெளிமாநிலத்தில் நன்கொடை கொடுத்து முதுநிலை இடம் வாங்காதீர்கள். உதவித்தொகையோடு கிடைத்தால் படிக்கட்டும், இல்லையென்றால் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு மறுபடி தேர்வு எழுதட்டும்.

அறுவை சிகிச்சை எடுத்தால் கல்யாணத்துக்கு மதிப்பு என்று அம்மா மெல்லச் சொன்னார். பயிற்சியில் ஒரு மாட்டுக்கு வயிறு திறந்தபோது நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று மகளைக் கேட்டேன். "மயக்க மருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று" என்றாள். கத்தியைப் பார்க்காதவள் கையில் கத்தியைத் திணித்தால் மாடும் பிழைக்காது, அவளும் நிம்மதியாக இருக்க மாட்டாள் என்று அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அடுத்த வாரம் நாமக்கல் கல்லூரிக்குப் போய், அந்தத் துறையில் இப்போது முதுநிலை படிக்கும் இரண்டு பேரிடம் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், மாமா இல்லாமல். புறப்படும்போது அவர் தன் தாளை மடித்துப் பையில் வைக்கப் போனார். பின்பக்கம் தன்னுடையது என்று மகள் கேட்டாள். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார்.