பெருங்கடல் பாய்மரப் பந்தயத்தில் படகுக்குள் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அனுபவமே இல்லாதவர்கள் போக முடியுமா?

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நான் போனது தொழில்முறை வீரர்களின் பந்தயம் அல்ல. கட்டணம் கட்டிச் சேர்ந்த சாதாரண மனிதர்கள், தொழில்முறை ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) ஒருவரின் கீழ் எழுபது அடிப் படகுகளில் உலகைச் சுற்றும் போட்டி அது. அதிலும் ஒரு பகுதியில் மட்டுமே இருந்தேன். வீரர்களின் படகில் எல்லாம் இதைவிடக் கடுமை என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

படகுப் பந்தயம் என்றதும் புடைத்த பாயும் தெறிக்கும் அலையும்தான் மனதில் எழும். உள்ளே இருப்பவர்களின் பொழுது போவதோ தூங்க, எழ, உடுத்த, சமைக்க, துடைக்க, தைக்க. பந்தயமே இந்த வேலைகளில்தான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. வயிறு நிறைந்து, ஓரளவு உலர்ந்து, மூன்று மணி நேரமாவது தூங்கிய குழு நள்ளிரவில் பாய் மாற்றத் தயங்காது. ஈரத்திலும் பசியிலும் கிடக்கும் குழு, "விடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லும். அந்தத் தயக்கத்தில் போகும் மைல்கள் திரும்பி வராது.

நாள் என்ற ஒன்று அங்கே இல்லை. வாட்ச் எனப்படும் பணிமுறை மட்டும்தான் உண்டு. குழுவை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி மேல்தளத்தில் படகை ஓட்டும், மறுபாதி கீழே ஓய்வெடுக்கும். பகலில் ஆறு மணி நேரமாக இரண்டு வாட்ச், இரவில் நான்கு மணி நேரமாக மூன்று. மொத்தம் ஐந்து. ஒற்றைப்படை என்பதால் இன்று நள்ளிரவிலிருந்து நான்கு மணி வரை நின்றவர்களுக்கு நாளை அந்த நேரம் ஓய்வு. யாரும் தொடர்ந்து ஒரே கொடுமையை அனுபவிக்க வேண்டியதில்லை. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் கும்பிடுவேன்.

நான்கு மணி நேர ஓய்வு என்றால் நான்கு மணி நேரத் தூக்கம் அல்ல. நனைந்த மேலாடை, காலணி, பாதுகாப்பு வார், உயிர்காப்பு ஜாக்கெட் எல்லாவற்றையும் ஆடும் தரையில் நின்று கழற்றி மாட்ட வேண்டும். ஏதாவது சாப்பிட வேண்டும். அடுத்த முறைக்கு அரை மணி முன்னதாகவே எழுப்பிவிடுவார்கள், திரும்ப அத்தனையும் உடுத்த வேண்டுமே. எழுப்ப வருபவர் நெற்றி விளக்கைச் சிவப்பில் வைத்திருப்பார். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அவர் பெயர் சொல்லி எழுப்பிவிட்டு, வெளியே காற்று எவ்வளவு, மழையா, எத்தனை அடுக்கு உடை தேவை என்று சொல்லிவிட்டுப் போவார். இதைச் சரியாகச் சொல்பவருக்குப் படகில் தனி மதிப்பு. "லேசான குளிர்" என்று சொல்லி ஏமாற்றியவரை யாரும் மறப்பதில்லை.

படுக்கை உங்களுடையது அல்ல. நீங்கள் எழுந்ததும் மற்ற வாட்ச்சில் இருப்பவர் அதே படுக்கையில் விழுவார். பல நேரம் சூடுகூட ஆறியிருக்காது. குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிதான் படுக்கை. படகு எந்நேரமும் இருபது, முப்பது பாகை சாய்ந்தே ஓடுவதால், கப்பிக் கயிற்றை இழுத்துப் படுக்கையை அந்தச் சாய்வுக்கு ஏற்பச் சமன் செய்துகொள்ள வேண்டும். காற்று வாங்கும் பக்கம் மாறினால் சாய்வும் மறுபக்கம் மாறும். பந்தயத்தில் எடை முழுவதும் உயர்ந்த பக்கம் இருக்க வேண்டும் என்பதால், தூங்குகிறவரும் எடைதான். எழுந்து எதிர்ப் பக்கம் போய்ப் படுக்க வேண்டியதுதான். தொழில்முறைப் படகுகளில் மனிதரோடு பாய்கள், உணவு மூட்டைகள், கருவிப் பெட்டிகள் என்று கையால் தூக்கக்கூடிய எல்லாமே ஒவ்வொரு முறையும் இடம் மாறும்.

சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தலைக்கு ஒரு கை தூரத்தில், மெல்லிய சுவருக்கு அப்பால் கடல் பாய்ந்துகொண்டிருக்கும். தலைக்கு மேலே வின்ச், அதாவது பாய்க் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் யாரோ கூரையை உடைப்பது போல ஒலிக்கும். முதலில் காதடைப்பான் இல்லாமல் முடியாது. பிறகு அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். நின்றது என்றால் காற்று போய்விட்டது என்று பொருள்.

கழிப்பறை பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். ஆணோ பெண்ணோ உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, முழங்காலை எதிர்ச் சுவரில் முட்டுக்கொடுத்து, மற்றக் கையால் பம்பை அடிக்க வேண்டும். கனத்த உடையோடு போனால் மொத்தம் கால் மணி நேர வேலை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. மலச்சிக்கலும் தலைவலியும் வந்து அவர்களே வருந்துவார்கள்.

சமையலுக்கு ஒவ்வொரு வாட்ச்சிலிருந்தும் ஒருவராக நாளுக்கு இருவர். அன்று முழுவதும் அத்தனை பேருக்கும் மூன்று வேளை சாப்பாடு, இடையே தேநீர், ரொட்டி சுடுவது, பாத்திரம், கழிப்பறை சுத்தம் எல்லாம் அவர்கள் தலையில். அடுப்பு இரு பக்கமும் ஆடும்படி அச்சில் தொங்கும். படகு சாய்ந்தாலும் பானை நேராக நிற்கும். சமைப்பவர் இடுப்பில் பட்டை மாட்டிக்கொண்டு அதில் சாய்ந்து நிற்பார். வெப்ப மண்டலக் கடலிலும் மழைக்கால நீர்காப்புக் கால்சட்டை போட்டுக்கொள்வார், கொதிநீர் மடியில் கவிழ்ந்தால் தோலோடு போய்விடுமே. உள்ளே வெயிலடித்த தகரக் கொட்டகை போலக் கொதிக்கும். அப்படியும் இந்த முறைக்கு எல்லாரும் ஏங்குவார்கள், காரணம் அன்று இரவு மட்டும் முழுத் தூக்கம்! தொழில்முறைப் படகுகளில் இந்தப் பேச்சே இல்லை: உறையவைத்து உலர்த்திய உணவுப் பொடியில் வெந்நீர் ஊற்றிக் கலக்குவார்கள், அவ்வளவுதான். எடை குறைக்கத் தட்டு கிடையாது, ஆளுக்கு ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. நாய்க்கு வைக்கும் அகல அடிக் கிண்ணம்தான் கவிழாது என்று அதையே வாங்கி வைத்திருப்பவர்களும் உண்டு.

குடிநீர் கடலிலிருந்து வருகிறது. உப்பைப் பிரிக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு டீசல் வேண்டும், டீசலோ அளவானது. ஆகவே குளியல் இல்லை. ஈரத் துடைப்பான்களால் உடம்பைத் துடைத்துக்கொள்வதுதான் வழக்கம். பூமத்திய ரேகை அருகே திடீர் மழை பெய்தால் எல்லாரும் ஷாம்பு பாட்டிலோடு மேல்தளத்துக்கு ஓடுவார்கள். பாதி நுரையில் மழை நின்றுபோனவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான எதிரி உப்பு. உப்பேறிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வெயிலில் போட்டாலும் முழுதாக உலராது. அதோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பின்புறத்தில் கொப்புளங்கள் வரும். கயிறு பிடித்துப் பிடித்து, தூங்கி எழும்போது விரல்கள் மடங்கியே இருக்கும். மறு கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும்.

பாய்த் தையல்தான் எனக்குப் பிடித்த வேலை. காற்றுக்கு முன்னே பலூன் போல உப்பும் ஸ்பின்னக்கர் பாய் கிழிந்தால், அதைக் கீழே இறக்கிச் சாப்பிடும் இடம் முழுக்க விரிப்பார்கள். தையல் இயந்திரம் படகிலேயே உண்டு. தைத்து முடியும் வரை மற்றவர்கள் அந்தத் துணி மலையின் மேல் தவழ்ந்துதான் படுக்கைக்குப் போக வேண்டும். கிழியாத பாய்க்கும் வேலை இருக்கிறது. அடுத்து ஏற்றுவதற்குள் அதைச் சுருட்டி, இடைவெளி விட்டுக் கம்பளி நூலால் கட்டி வைக்க வேண்டும். மேலே போய்க் கயிற்றை இழுத்ததும் நூல் ஒவ்வொன்றாக அறுந்து பாய் விரியும். நூல் கட்டாமல் ஏற்றினால் பாதியிலேயே காற்றுப் பிடித்து ஆளை இழுத்துவிடும்.

போட்டி என்ற நினைப்பு எப்போது வருகிறது? மற்றப் படகுகள் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாப் படகுகளின் இருப்பிடமும் செயற்கைக்கோள் வழியாக வரும். அந்தத் தாளில் நாம் எட்டு மைல் முன்னேறியிருந்தால் அன்று கஞ்சிகூட ருசிக்கும். பின்தங்கியிருந்தால் யாரோ ஒருவர் கரண்டி கழுவவில்லை என்று சண்டை வரும். பெரிய சண்டைகள் எல்லாம் கரண்டி, ஈரக் காலுறை, தவறான கொக்கியில் மாட்டிய ஜாக்கெட் பற்றியவைதான். பாய் கிழிந்ததற்கு யாரும் கத்தி நான் பார்த்ததில்லை.

தென் பெருங்கடலில் இந்த வேடிக்கை எல்லாம் குறைந்துவிடும். பசிபிக்கின் தென்பகுதியில் நீமோ முனை என்று ஓர் இடம் இருக்கிறது. எந்தத் திசையில் போனாலும் மிக அருகிலுள்ள நிலம் சுமார் 2,688 கிலோமீட்டர். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும்போது அங்கிருப்பவர்களே உங்களுக்கு அண்டை வீட்டார். 2018 மார்ச்சில், தொழில்முறை உலகப் பந்தயத்தில் ஓடிய ஜான் ஃபிஷர் இதே கடலில், தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னுக்கு மேற்கே, படகிலிருந்து விழுந்து காணாமல் போனார். அந்த நொடியில் அவருடைய பாதுகாப்புக் கயிறு மாட்டப்பட்டிருக்கவில்லை, இடம் மாறிக்கொண்டிருந்தார். அனுபவம் மிக்கவர். அதனால்தான் படிக்கட்டில் தலை நீட்டும் முன்பே கயிற்றை மாட்டு என்று ஸ்கிப்பர்கள் சலிக்காமல் சொல்கிறார்கள்.

தனியாகச் செல்பவர்களின் கணக்கே வேறு. வாண்டே குளோப் பந்தயத்தில் இருபது, நாற்பது நிமிடத் துண்டுகளாகத் தூங்கி உலகைச் சுற்றுகிறார்கள். 2024-25இல் சார்லி டாலன் 65 நாளுக்குள் முடித்தார். 1968-69இல் முதன்முதலாக இடைநிற்காமல் தனியே சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு 312 நாள் ஆனது. பம்பாயில் கட்டிய 'சுஹைலி' அவருடைய படகு. வழியில் குடிநீர்த் தொட்டி கெட்டுப்போக, மழைநீரைப் பிடித்துக் குடித்தே ஓட்டினார். நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமி 2018இல் கோல்டன் குளோப் என்ற தனியாள் உலகப் பந்தயத்தில் பாய்மரம் முறிந்து, முதுகு உடைந்து, மீட்புக் கப்பல் வரும் வரை மூன்று நாள் படுக்கையிலேயே கிடந்தார். அடுத்த பந்தயத்துக்கும் போய் இரண்டாவதாக வந்தார். இவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. போகலாம். நாக்ஸ்-ஜான்ஸ்டன் தொடங்கிவைத்து 1996 முதல் நடக்கும் கிளிப்பர் பந்தயம் அனுபவமில்லாதவர்களுக்காகவே உள்ளது. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், உச்ச வரம்பு இல்லை. நான்கு கட்டப் பயிற்சி கட்டாயம். அதிலேயே வாட்ச் முறையில் இரவு பகலாகக் கடலில் ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். குமட்டலுக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். உடல் வலுவைவிட, குறட்டை விடும் ஒருவரோடு படுக்கையைப் பங்கிடவும், தூக்கத்தில் தட்டி எழுப்பினால் எரிந்து விழாமல் இருக்கவும் முடியுமா என்று யோசியுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால் இரண்டு ஜோடி கூடுதலாக, கழுத்தில் மாட்டும் நாடாவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் வாரத்திலேயே கடலுக்குப் போய்விடும்.